அளவு 312 எங்கே போனது? பட்டியல் சேவைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொருள் பட்டியல் சேவையை வடிவமைத்து நடத்தும் குழுவினருக்கு,

உங்கள் பட்டியலிலிருந்து மற்றவர்களின் நிரல்கள் தகவல் பெறும் வழியான ஏபிஐயின் மூன்றாம் வெர்ஷனை இன்னும் 45 நாட்களில் மூடப்போவதாகச் சென்ற மாதம் மின்னஞ்சல் அனுப்பினீர்கள். புதிய வசதிகளைப் பற்றிய நீண்ட அறிவிப்பில் கடைசிப் பத்தியாக அந்தச் செய்தி இருந்தது. நான்காம் வெர்ஷனில் பட்டியல் 'எளிமையாக்கப்பட்டிருக்கிறது' என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த எளிமையை மூன்று வாரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன். பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. உதவி மையத்துக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் வரி மாறாமல் ஒரே பதில் வந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, நெபுலைசர் போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்காக உங்கள் பட்டியலை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு சின்ன சேவையை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். ஒருவர் தன்னிடம் உள்ள கருவி எது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பொருந்தும் பேட்டரி, குழாய், வடிகட்டி, டயர் இவை மட்டும் அவர் திரையில் வரும். வேறு எதுவும் வராது. எழுத்து பெரிதாக இருக்கும். பெயர் அவர் மொழியில் இருக்கும். பார்வை இல்லாதவருக்கு ஸ்க்ரீன் ரீடர் ஒவ்வொரு பொருளின் அளவையும் முதலில் படித்துச் சொல்லும், விலையை அப்புறம் சொல்லும். ஆர்டர் உங்களுக்கே வருகிறது, பணமும் உங்கள் தளத்தில்தான் செலுத்தப்படுகிறது. லட்சக்கணக்கான பொருட்கள் குவிந்து கிடக்கும் உங்கள் பட்டியலில் தொலைந்துபோகக்கூடிய ஒருவரை அவருக்குத் தேவையான நான்கு பொருட்களிடம் கொண்டுபோய் விடுவதுதான் எங்கள் வேலை.

அந்த வேலையை உங்கள் பட்டியலில் இருந்த ஃபீல்டுகளை, அதாவது உயரம், நிறம் என ஒவ்வொரு தகவலுக்கும் இருந்த தனி இடங்களை நம்பித்தான் செய்தோம். அந்த ஃபீல்டுகளைத்தான் இப்போது எடுத்துவிட்டீர்கள்.

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காது கேட்கும் கருவியில் போடும் பட்டன் பேட்டரிகள் பொதுவாக நான்கு அளவுகளில் வருகின்றன: 10, 312, 13, 675. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன ஒட்டு இருக்கும். 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். எந்த நிறுவனம் தயாரித்தாலும் நிறம் இதுதான். எண்ணை மறந்துவிடுகிறவருக்கும் நிறம் நினைவிருக்கும். இதில் 312, 13 இரண்டுக்கும் விட்டம் ஒன்றே, 7.9 மில்லிமீட்டர். உயரம்தான் வேறு. 312 என்றால் 3.6 மி.மீ., 13 என்றால் 5.4 மி.மீ. மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே வட்டமாகத்தான் தெரியும்.

இவை துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் பேட்டரிகள். ஒட்டைப் பிரித்தால் அதற்கு அடியில் உள்ள நுண்துளை வழியாகக் காற்று உள்ளே போகும். அதன் பிறகுதான் முழு மின்சாரம் வரும். திரும்ப ஒட்டினாலும் பழையபடி ஆகாது. ஒட்டைப் பிரித்துவிட்ட பேட்டரியைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

இரண்டு மாதங்களுக்கு முன் 'நகல்களை ஒன்றிணைக்கும்' வேலை ஒன்றைத் தொடங்கினீர்கள். நான்காம் வெர்ஷனுக்கான முன்னேற்பாடு என்றீர்கள். ஒரே தயாரிப்பாளர், ஒரே விட்டம், ஒரே மாதிரிப் படம் என்றால் ஒரே பொருள் என்று உங்கள் நிரல் முடிவு செய்தது. அப்படி 312உம் 13உம் ஒரே பொருளாயின. உள்ளே இரண்டு 'வகைகள்' இருந்தன. உயரம் என்ற ஃபீல்டு காலியாகிவிட்டது. எங்கள் பக்கம் வழக்கம்போல் 312இன் பழைய ஐடியை, அதாவது உங்கள் பட்டியலில் அதற்கு உள்ள அடையாள எண்ணை அனுப்பியது. உங்கள் பக்கம் அதை ஒன்றிணைந்த பொருளுக்குத் திருப்பிவிட்டது. அந்தப் பொருளில் முதலாவதாக இருந்த வகை 13.

அந்தப் பேட்டரி அட்டை போய்ச் சேர்ந்தது என் அப்பாவிடம். எங்கள் சேவையின் முதல் பயனர் அவர்தான். அவருக்காகத்தான் இதைத் தொடங்கினேன்.

அவருக்கு விரல் நடுங்கும். ஒரு பேட்டரியை மாற்றவே கால் மணி நேரம் ஆகும். ஒட்டைப் பிரித்து, ஒரு நிமிடம் காத்திருந்து, கருவிக்குள் வைத்து மூடியை அழுத்தியிருக்கிறார். மூடவில்லை. பேட்டரி பழுதாக இருக்கும் என்று நினைத்து இன்னொன்றைப் பிரித்திருக்கிறார். அதுவும் மூடவில்லை. நான் போனபோது மேசை ஓரத்தில் நான்கு ஆரஞ்சு ஒட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. கருவியின் மூடி தனியே உடைந்து கிடந்தது. நான்காவது முறை நகத்தால் அழுத்தியபோது கீல் போய்விட்டது.

ஒட்டு ஆரஞ்சாக இருந்ததே, கவனிக்கவில்லையா என்று தாளில் எழுதிக் கேட்டேன். "நீ செஞ்ச பக்கத்துலேர்ந்துதானே வந்தது. நிறத்தை மாத்திட்டாங்கபோலன்னு நினைச்சேன்" என்றார்.

மூடி வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நாங்கள் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எதுவும் கேட்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

எங்கள் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். உயரம் காலியாக வந்த அந்தக் கணமே எங்கள் நிரல் ஆர்டரை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அன்றிரவே அதைத் திருத்தினோம். அதே போன்ற ஆர்டர் வைத்திருந்த எல்லோருக்கும் தனித்தனியே எழுதினோம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று இந்த மடலில் கேட்கிறேன். ஏனென்றால் இதை எழுதும் இன்றுவரை அந்த இரண்டு அளவுகளும் உங்கள் பட்டியலில் ஒரே பொருளாகத்தான் இருக்கின்றன.

நான்காம் வெர்ஷனில் உயரம், விட்டம், அளவு எண், ஒட்டின் நிறம் எதற்கும் தனி ஃபீல்டே கிடையாது. எல்லாம் 'விவரம்' என்ற ஒரே பத்தியில் கொட்டப்பட்டிருக்கின்றன. ஒரு விற்பனையாளர் '7.9 x 3.6' என்று எழுதுகிறார். இன்னொருவர் '3.6 / 7.9' என்கிறார். மூன்றாமவர் சென்டிமீட்டரில் எழுதிவிட்டு அலகைக் குறிப்பிடுவதில்லை. மனிதர் படித்தால் ஊகித்துக்கொள்ளலாம் என்பீர்கள். பெரிய எழுத்தில் நான்கு பொருட்கள் மட்டும் போதும் என்று கேட்கிறவர் அந்தப் பத்தியை எப்படிப் படிப்பார்? ஊகிக்கும் வேலையை அவர் தலையில் வைக்கக் கூடாது என்பதற்காகத்தானே நாங்கள் இருக்கிறோம்?

விற்பனையாளர்கள் ஃபீல்டுகளை ஒழுங்காக நிரப்புவதில்லை என்பது உங்கள் பதிலில் இருந்த ஒரே காரணம். அது உண்மைதான், மறுக்க மாட்டேன். எடை என்ற இடத்தில் பொருளின் பெயரை எழுதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் காலியாக இருக்கும் பிரிவுகளும் உண்டு. ஆனால் காலியான ஃபீல்டு ஒரு தகவல் சொல்கிறது: இதன் உயரம் தெரியாது, ஆகவே இதைக் காட்டாதே என்று எங்கள் நிரல் புரிந்துகொள்ளும். ஃபீல்டையே எடுத்துவிட்டால் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் வித்தியாசம் போய்விடுகிறது. ஒழுங்காக நிரப்பியவர்களின் உழைப்பும் சேர்ந்து போகிறது.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து இணையப் பக்கத்தில் உள்ள தகவல்களை நிரல்களுக்குப் புரியும்படி குறிக்க ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியை 2011 ஜூனில் தொடங்கின. இணைய வணிகத்துக்கென்றே உருவான குட்ரிலேஷன்ஸ் என்ற சொல்தொகுதி 2012இல் அதோடு சேர்ந்தது. அளவு என்றால் எண் தனியாக, அலகு தனியாகக் கொடுக்க அதில் இடம் இருக்கிறது. பார்கோடு எண்ணுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் தளத்தின் பக்கங்களிலேயே தேடுபொறிகளுக்காக அந்தக் குறிப்புகளை இன்றும் வெளியிடுகிறீர்கள், பார்த்தேன். தேடுபொறிக்குத் தரும் உயரத்தை எங்களுக்கு ஏன் தரக்கூடாது?

பார்கோடு எண்ணை நீக்கியதும் இதே கதைதான். 1974 ஜூன் 26 அன்று ஒரு சூயிங்கம் பாக்கெட் கடைக் கவுன்டரில் முதன்முறையாக ஸ்கேன் செய்யப்பட்டது. அன்றிலிருந்து எத்தனையோ மென்பொருள்கள் வந்து போய்விட்டன, அந்த எண்முறை மட்டும் நின்றிருக்கிறது. உங்கள் ஐடி உங்களுக்குள் மட்டும் செல்லும். பார்கோடு எண் தயாரிப்பாளர், கடைக்காரர், வாங்குபவர் எல்லோருக்கும் பொது. ஒருவர் தன் கையில் இருக்கும் பழைய அட்டையை மொபைல் கேமராவில் காட்டினால் அதே பொருளைத் திரையில் கொண்டுவர எங்களால் முடிந்தது அந்த எண்ணால்தான். கண் சரியாகத் தெரியாதவர்கள் எங்கள் சேவையில் அதிகம் பயன்படுத்தும் வசதி அது. நான்காம் வெர்ஷன் வந்தால் அந்த வசதி அன்றே நின்றுவிடும்.

விற்பனையாளர்கள் அனுப்பும் பார்கோடு எண்கள் பிழையாக இருக்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். ஏன் பிழையாகின்றன என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எக்செல் தாளில் அந்த எண்ணை ஒட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். 13 இலக்கம் என்றால் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாக (வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் பூஜ்யங்களாகிவிடும். ஆனால் அந்த எண்ணுக்குள்ளேயே காவல் இருக்கிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அதற்கு முந்தைய இலக்கங்களை வலமிருந்து இடமாக 3, 1, 3, 1 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கமாக இருக்க வேண்டும். ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தால் கட்டாயம் பிடித்துவிடும், மற்றவற்றிலும் பெரும்பாலானவற்றைப் பிடிக்கும். விற்பனையாளர் கோப்பை ஏற்றும்போதே இந்தக் கணக்கைப் போட்டு, தவறானதைத் திருப்பி அனுப்பலாம். பத்து வரி நிரல் போதும். அதைச் செய்யாமல் எண்ணையே எடுத்துவிட்டீர்கள்.

பார்கோடு போன பிறகு மிஞ்சுவது உங்கள் ஐடி ஒன்றுதான். அதையும் மாற்றிவிட்டீர்கள். பழைய ஐடி எந்தப் புதிய ஐடி ஆனது என்று சொல்லும் அட்டவணை எங்கும் இல்லை. 'பெயரை வைத்துத் தேடிப் பொருத்திக்கொள்ளுங்கள்' என்றது உதவி மையம். 312ஐயும் 13ஐயும் உங்கள் நிரலே குழப்பிக்கொண்ட பிறகு, பெயரை வைத்துப் பொருத்தச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

புதிய ஐடியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோதனையில் கண்ணில் படாமல் பிற்பாடு ஆர்டரில் போய் வெடிக்கும் வகை இது. புதிய ஐடி 17 இலக்க எண். அதை ஜேசானில் (நிரல்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் எழுத்து வடிவத்தில்) மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாக அனுப்புகிறீர்கள். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் முழு எண்களை 9007199254740991 வரைக்கும்தான் பிசகாமல் வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் பக்கத்தில் உள்ள எண்ணுக்கு நகர்த்திவிடும். 9007199254740993 என்று அனுப்பிப் பாருங்கள், 9007199254740992 என்றுதான் படிக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. உங்கள் புதிய முறையில் ஒரே பொருளின் வகைகளுக்கு அடுத்தடுத்த எண்கள் கொடுக்கப்படுகின்றன. அதாவது கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வகைகள் பிரவுசருக்குப் போனதும் ஒரே எண்ணாகிவிடக்கூடும். சோதனைத் தளத்தில் இதை நான் கண்ணால் பார்த்தேன். பழுப்பு ஒட்டு உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன், கூடையில் ஆரஞ்சு ஒட்டு உள்ளது விழுந்தது. மேற்கோள் குறி இரண்டு போட்டால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

அடுத்தது பெயர். இது தமிழில் வேலை செய்யும் எவருக்கும் உறைக்கும்.

நான்காம் வெர்ஷனில் பொருளின் பெயர் 100 பைட்டுக்கு (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறிய அலகு) மேல் போகக்கூடாது, போனால் வெட்டப்படும் என்று விதித்திருக்கிறீர்கள். எழுத்துகளை எண்ணாமல் பைட்டை எண்ணுகிறீர்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட். 'கு' என்று நாம் ஓரெழுத்தாகப் பார்ப்பது க, உகரக் குறி என்று இரண்டு குறிகள், ஆறு பைட். எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்:

செவித்துணைக் கருவிக்கான பேட்டரி, அளவு 312

யூனிகோடு குறிகளாக எண்ணினால் 41. பைட்டாக எண்ணினால் 107. உங்கள் விதிப்படி வெட்டிய பிறகு திரும்பி வந்தது இது:

செவித்துணைக் கருவிக்கான பேட்டரி, அளவ

'வு'வின் உகரக் குறி உதிர்ந்துவிட்டது. 312 போய்விட்டது. ஒருவருக்கு அந்தப் பெயரில் இருந்த ஒரே முக்கியமான சேதி எதுவோ அதுதான் வெட்டுப்பட்டது. இதே பெயர் ஆங்கிலத்தில் 30 பைட்டுக்குள் அடங்கிவிடும், ஆகவே உங்கள் சோதனையில் இது தெரிந்திருக்காது. உயரம் இல்லை, அளவு எண்ணுக்கு ஃபீல்டு இல்லை, பார்கோடு இல்லை, பெயரிலாவது 312 இருக்கும் என்று வந்து நின்றால் அங்கேயும் இல்லை. பைட்டில் வெட்டும்போது வேறு சில பெயர்களில் குறியின் நடுவிலேயே கத்தி விழுகிறது, கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வந்து உட்காருகிறது. ஸ்க்ரீன் ரீடர் அந்த இடத்தில் தடுமாறுகிறது. தமிழுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை இது. இந்தியும் வங்காளமும் தாய்லாந்து மொழியும் எழுதுகிறவர்கள் எல்லோரும் இதே மூன்று பைட்டில்தான் எழுதுகிறார்கள்.

படங்களுக்கான மாற்று விவரத்தையும், அதாவது படத்தைப் பார்க்க முடியாதவருக்கு ஸ்க்ரீன் ரீடர் படித்துச் சொல்லும் வரியையும் நீக்கியிருக்கிறீர்கள். வெப் அணுகல்தன்மைக்காக, வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் வெளியிட்ட முதல் வழிகாட்டியின் முதல் நெறியே, படத்துக்கும் ஒலிக்கும் இணையான மாற்று தர வேண்டும் என்பதுதான். அதற்கு மேல் இதைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிழைச் செய்திகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிமிடத்துக்கு இத்தனை அழைப்பு என்ற வரம்பைத் தாண்டினால் மூன்றாம் வெர்ஷன் 429 என்ற குறியீட்டையும், எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்பியது. நான்காம் வெர்ஷன் 200, அதாவது 'எல்லாம் சரி' என்று சொல்லி ஒரு வெற்றுப் பட்டியலை அனுப்புகிறது. நீக்கப்பட்ட பொருளுக்கும் அதே 200, அதே வெற்றுப் பட்டியல். சோதனையில் ஓர் இரவு முழுவதும் எங்கள் நிரல் 'இருப்பு இல்லை' என்று எல்லாப் பொருட்களையும் மறைத்துவிட்டது. உண்மையில் நாங்கள் அதிகமாகக் கேட்டுவிட்டோம், அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் காத்திருந்திருப்போம்.

அப்புறம் சேமிப்பு விதி. எந்தத் தகவலையும் 24 மணி நேரத்துக்கு மேல் நாங்கள் வைத்திருக்கக் கூடாது என்கிறது புதிய ஒப்பந்தம். விலையும் இருப்பும் மாறும், அவற்றுக்கு இந்த விதி சரி. ஒரு பேட்டரியின் விட்டம் நாளைக்கு மாறிவிடுமா? ஒருவர் தன் சக்கர நாற்காலிக்கு இந்த டயர்தான் பொருந்தும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் பதிந்து வைத்தார். அந்தப் பொருத்தத்தைத் தினமும் அழித்துத் தினமும் புதிதாகக் கேட்க வேண்டும் என்றால், உங்கள் சர்வர் படுக்கும் நாளில் அவர் திரை வெறுமையாக இருக்கும். எங்கள் அழைப்புகளின் எண்ணிக்கையும் பல மடங்கு கூடும், அதை நீங்கள்தான் சுமக்க வேண்டும். முன்பு கேட்டதிலிருந்து ஏதும் மாறியிருக்கிறதா என்று மட்டும் கேட்டு, இல்லையென்றால் 304 என்று ஒரு வரி பதில் பெறும் வழி, பிரவுசர்களும் சர்வர்களும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறையில் இருக்கவே இருக்கிறது. மூன்றாம் வெர்ஷன் அதை மதித்தது.

உங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பொதுவான பொருட்களை விற்கும் தளங்களுக்கு நான்காம் வெர்ஷன் வேகமாக இருக்கிறது என்பதையும் அளந்து பார்த்தேன், உண்மைதான். சட்டை வாங்குகிறவருக்குப் படமும் விலையும் போதும். அளவு தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் பக்கத்துக்கு வருகிறவர்களில் பலருக்குத் திருப்பி அனுப்புவது என்பது இன்னொருவரின் உதவியைக் கேட்டு நிற்பது. காத்திருக்கும் நாட்களில் அவர்களுக்குக் காது கேட்காது, அல்லது வெளியே போக முடியாது. அவர்கள் சில நூறு பேர்தான். உங்கள் வரைபடங்களில் ஒரு கோடாகக்கூடத் தெரிய மாட்டார்கள். எனக்கு அவர்களில் பலரைப் பெயர் சொல்லித் தெரியும், எந்த அளவு பேட்டரி போடுகிறார்கள் என்பதும் தெரியும்.

ஆகவே உங்களிடம் நேராகக் கேட்பவை இவை.

மூன்றாம் வெர்ஷனை மூடும் தேதியைக் குறைந்தது 12 மாதம் தள்ளிவையுங்கள். 45 நாளில் மூன்று பேரால் ஆறு ஆண்டு வேலையை மாற்றி எழுத முடியாது. மூடும் தேதியை மின்னஞ்சலின் அடியில் மட்டும் சொல்லாமல், ஒவ்வொரு ஏபிஐ பதிலின் தலைப்பிலும் (பதிலோடு சேர்ந்து போகும் குறிப்புப் பகுதியிலும்) அனுப்புங்கள். இதற்கென்றே சன்செட் என்ற தலைப்பை ஆர்எஃப்சி 8594 என்ற இணைய நுட்ப ஆவணம் 2019இல் வரையறுத்துவிட்டது. மின்னஞ்சலை யாரும் படிக்காமல் விட்டாலும் நிரல் அதைப் படிக்கும்.

பழைய ஐடி, புதிய ஐடி இரண்டையும் இணைக்கும் முழு அட்டவணையை மூடுவதற்கு ஆறு மாதம் முன்பாவது வெளியிடுங்கள். ஒன்றிணைக்கப்பட்ட பொருட்கள் எவை என்பதும் அதில் தெரிய வேண்டும். புதிய ஐடியை மேற்கோள் குறிக்குள், எழுத்துச் சரமாக அனுப்புங்கள்.

பார்கோடு எண்ணைத் திரும்பக் கொடுங்கள். விற்பனையாளர் ஏற்றும்போதே சரிபார்ப்பு இலக்கத்தைச் சோதியுங்கள். இரண்டு பொருட்களின் பார்கோடு எண்கள் வேறாக இருந்தால் அவற்றை ஒருபோதும் ஒன்றிணைக்காதீர்கள். எல்லாப் பிரிவுகளுக்கும் முடியாது என்றால், உடலோடு பொருத்திக்கொள்ளும் கருவிகள், அவற்றின் உதிரிப் பொருட்கள் அடங்கிய பிரிவுகளுக்கு மட்டுமாவது உயரம், விட்டம், அளவு எண், நிறம், அலகு இவற்றைத் தனித்தனி ஃபீல்டுகளாகக் கொடுங்கள். படத்தின் மாற்று விவரத்தையும் கொடுங்கள்.

பெயரின் வரம்பை எழுத்துக் கணக்கில் வையுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் முழு எழுத்தின் எல்லையில் வெட்டி, வெட்டப்பட்டது என்று ஒரு குறி அனுப்புங்கள், முழுப் பெயரை நாங்கள் தனியே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். வரம்பு மீறினால் 429, பொருள் நிரந்தரமாகப் போய்விட்டால் 410 என்று உள்ளதைச் சொல்லுங்கள். விலை, இருப்பு தவிர்த்த மற்ற தகவல்களுக்கு 24 மணி நேர விதியைத் தளர்த்துங்கள்.

அடுத்த வெர்ஷனை இறுதி செய்யும் முன் எங்களைப் போன்ற சிறிய இணைப்பாளர்களையும் அழைத்துப் பேசுங்கள். முடிந்தால் எங்கள் பயனர்கள் இரண்டு பேர் முன்னால் அதை ஓட்டிப் பாருங்கள், ஏற்பாடு செய்து தர நாங்கள் தயார். இந்த மடலுக்கு 15 நாட்களுக்குள் உங்கள் குழுவில் ஒருவர் தன் பெயரோடு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் சேகரித்த சோதனைப் பதிவுகள், தவறாகப் பொருத்தப்பட்ட பொருட்களின் பட்டியல் எல்லாவற்றையும் அவரிடம் அன்றே ஒப்படைக்கிறேன்.

மற்றவற்றுக்குக் கூட்டம் போட வேண்டும், ஒப்புதல் வாங்க வேண்டும், நாள் பிடிக்கும். சரி, புரிகிறது. 312ஐயும் 13ஐயும் பிரிப்பதற்கு அதெல்லாம் தேவையில்லை. அதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலை ஆறு ஆண்டுகளாக நம்பி வேலை செய்யும் ஒரு டெவலப்பர்